கேட்டுக் கொடுப்போம்

சென்ற ஆண்டின் இறுதித் தவணை முடியச் சில நாட்களே இருந்தன. வெள்ளவத்தையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பாடசாலையிலே, நூல்நிலையத்துக்குப் புதிய அலுமாரிகள் வாங்கும் பொருட்டு இனிப்பு விற்பனை ஒன்று நடைபெறுகிறதென்று கேள்வியுற்று நாமும் சென்றிருந்தோம். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாம் சொல்லப்போவது எந்தப் பாடசாலையிலும் நடக்கக்கூடிய ஒன்று.

மரநிழலிலே வரிசையாக மேசைகள். வெள்ளைத் துணி விரித்த தட்டங்களிலே எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், தொதல், மஸ்கற், பால் ரொபி, கச்சான் அல்வா என்று தாய்மார் வீட்டிலிருந்து செய்து அனுப்பிய பண்டங்கள். கூவி விற்பவர்கள் மாணவர்கள். கணக்குப் பார்ப்பவர்கள் பெற்றார். ஐம்பது ரூபாய்த் தாளொன்றைக் கையிலே மடித்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேசையண்டை வந்து நின்றாள். மேசைக்குப் பின்னே நின்ற அம்மையார் அவளிடம் ஒரு துண்டு கச்சான் அல்வாவை நீட்டினார்.

"வேண்டாம், அன்ரி. எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. அம்மா சாப்பிடக் கூடாதெண்டு சொன்னவ."

"ஒரு துண்டு திண்டால் ஒண்டும் செய்யாது, பிள்ளை. வீட்டிலை சுத்தமாய்ச் செய்தது."

சிறுமி தலையை அசைத்து மறுத்துவிட்டாள். அம்மையாரும் வற்புறுத்தவில்லை. "அப்ப பால் ரொபி எடுங்கோ" என்று சொல்லி, அருகிலிருந்த தட்டத்திலே ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தார். சிறுமி பணத்தைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு அதனை வாயிலிட்டுக்கொண்டு சென்றாள்.

பத்து நிமிடம் சென்றிருக்கும். வகுப்பறைத் திண்ணையிலே அவள் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்துவிட்டது. குரல் கம்மிவிட்டது. ஆசிரியை ஒருவர் ஓடிச்சென்று தொலைபேசியிலே அம்புலன்ஸ் வண்டியை அழைத்தார். நல்லவேளையாக வண்டி விரைந்து வந்தது. ஊசி மருந்து ஏற்றப்பட்டது. ஓரிரவு வைத்தியசாலையிலே வைத்துப் பார்த்து, மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பால் ரொபியிலே கச்சான் இல்லை. ஆனால் அதனை வெட்டிய கத்தி, சற்று முன்னர் கச்சான் அல்வாவை வெட்டிய கத்தி. அதனை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிறுமியின் ஒவ்வாமை பற்றித் தாய் எழுதிய கடிதம் வகுப்பாசிரியையின் கோவையிலே பத்திரமாக இருந்தது. விற்பனை மேசையிலே நின்றவருக்கு அக்கடிதத்தைப் பற்றித் தெரியாது. யாரும் தீங்கு நினைக்கவில்லை. நல்லவர்கள் நால்வர் கூடி நற்காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கையிலே ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடிற்று என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது.

இனிப்பு விற்று நிதி சேர்த்தல்

இலங்கையிலே 1945ஆம் ஆண்டு தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறையில் இருந்து வருகிறது. அதனால் ஏழைப் பிள்ளையும் படிக்க முடிந்தது. எனினும் நூல்நிலைய அலுமாரி, வாத்தியக் கருவிகள், விளையாட்டுச் சீருடை போன்ற சில்லறைத் தேவைகள் என்றும் இருந்துகொண்டேயிருக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் அவற்றுக்குக் கைகொடுக்கின்றன. களியாட்ட விழா, அதிட்டச் சீட்டு, உணவுச் சந்தை, இனிப்பு விற்பனை ஆகியன நாம் நன்கறிந்த வழிகள்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே, மஸ்கோகி என்ற ஊரிலே, 1917ஆம் ஆண்டில் பெண் சாரணியர் குழுவொன்று தாமே சுட்ட பிஸ்கோத்துகளைப் பாடசாலையிலே விற்றுப் பணம் சேர்த்தது. அந்தச் சிறு முயற்சி வளர்ந்து, இன்று அந்நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் நடைபெறும் பெருவிற்பனையாகிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகள் சொக்கலேட் பெட்டிகளைச் சுமந்து வீடு வீடாகச் செல்வதும் அங்கே வழக்கம். அவ்வினிப்புகளுட் சில கச்சான் விழுது சேர்ந்தவை. ஆகவே, கச்சான் ஒவ்வாத பிள்ளைகளின் பெற்றார் இவ்விற்பனையைப் பற்றிக் கேள்வி எழுப்பலாயினர். தம் பிள்ளை தின்ன முடியாத பண்டத்தைத் தம் பிள்ளையே சுமந்து விற்கவேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. அது நியாயமான கேள்வியன்றோ?

ஒரு பருப்புக்கு எத்தனை பெயர்!

கச்சானைப் பழிப்பது நம் நோக்கமன்று. தென் அமெரிக்காவிலே தோன்றி, போர்த்துக்கேயர் முதலிய கடலோடிகளால் உலகெங்கும் பரவிய இப்பயிர் நம் வாழ்வோடு கலந்துவிட்டது. பெயரிலே கொட்டையென்று சொல்லப்பட்டாலும் இது பயறு, உழுந்து, அவரை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கு மேலே பூத்து, பூவின் காம்பு மண்ணுள் இறங்கி, அங்கே காய்ப்பது இதன் விந்தை. காலிமுகத்திடலிலே மாலைக் காற்றை வாங்கிக்கொண்டு கச்சான் கொறிக்காதவர் யார்? ஆடிவேல் விழாவிலும், கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளிலும் கச்சான் வறுக்கும் மணமில்லாமல் விழா நிறைவெய்துவதில்லை. பாடசாலை வாயிலிலே சுளகை மடியிலே வைத்துக்கொண்டு, பழைய கொப்பித் தாளிலே சரை சுற்றித் தரும் கச்சான் ஆச்சியை நம்மில் எவர் மறப்பார்?

ஆயினும் இந்த அருமைப் பண்டத்துக்கு நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. அம்மாற்றத்திலே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாம் கச்சான் என்பதைத் தமிழ்நாட்டார் நிலக்கடலை என்பர், வேர்க்கடலை என்பர், மணிலாக்கொட்டை என்றும் சொல்வர். சில வேளைகளிலே வெறுமனே கடலை என்றே சொல்லிவிடுவர். நமக்கோ கடலை என்றால் அவித்துத் தாளிக்கும் கொண்டைக்கடலை. கடலைமா என்றால் அதன் இனத்துப் பருப்பின் மா. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் கடலை எண்ணெய் கச்சான் எண்ணெய். 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கச்சானும் வெல்லமும் கொண்டு செய்வதே. வெள்ளவத்தைக் கடைகளிலே இந்தியப் பண்டங்கள் நிறைந்திருக்கும் இந்நாளில், "இது கடலை தானே, கச்சான் இல்லையே" என்று எண்ணி ஒரு தாய் அதனை வாங்கிவிடுவது மிக எளிது.

சிங்களத்திலே கச்சானுக்கு ரட்டகஜு என்று பெயர். கஜு என்பது மரமுந்திரியின் பருப்பு. முன்னே ஒரு சொல்லைச் சேர்த்தவுடன் அது வேறு பருப்பாகிவிடுகிறது! ஆங்கிலத்திலே பீநட் என்றும் கிரவுண்ட்நட் என்றும் இரண்டு பெயர்கள். இறக்குமதிப் பண்டங்களின் பொதிகளிலே அராக்கிஸ் என்ற தாவரவியற் பெயரும் காணப்படுவதுண்டு. மும்மொழி வழங்கும் கொழும்பு மாநகரிலே கச்சான் ஒவ்வாத பிள்ளை ஒன்று, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கும்போதே இத்தனை பெயர்களையும் பாடமாக்கவேண்டியிருக்கிறது.

காவற்காரன் செய்யும் பிழை

ஒவ்வாமை என்பது யாது? நம் உடலிலே நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை ஒன்றுண்டு. வந்தவர் பகைவரா, விருந்தினரா என்று தெரிந்து நடப்பது அதன் கடமை. சிலருடைய உடலிலே அந்தக் காவற்படை, கச்சானிலுள்ள புரதத்தைப் பகைவனென்று பிழையாக எண்ணிவிடுகிறது. முதன்முறை உடல் அதனை அடையாளம் வைத்துக்கொள்கிறது. பின்னர் அதே புரதம் ஓர் அணுவளவு உட்சென்றாலும் படை முழுவதையும் எழுப்பிவிடுகிறது. தோல் தடித்தல், உதடு வீங்குதல், வாந்தி, மூச்சு இழுப்பு, நாடித் தளர்ச்சி எல்லாம் அந்தப் படை எழுச்சியின் விளைவுகளே.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் படிப்படியாகவே அறிந்தது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசரின் கப்பலிலே சென்ற பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பின்னர் பரிசிலே, நஞ்சு செலுத்தப்பட்டுத் தப்பிய நாயொன்றுக்குச் சில வாரங்களின் பின் மீண்டும் மிகச் சிறிதளவே செலுத்தினர். பழகியிருக்கவேண்டிய நாய் சில நிமிடங்களிலே இறந்துபோயிற்று. பழகுவதற்குப் பதிலாக உடல் முன்னிலும் கடுமையாகச் சீறிய இந்நிலைக்கு 1902இல் அனபிலக்சிஸ் என்று பெயரிட்டனர். ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். அலர்ஜி என்ற சொல்லை 1906இல் வழங்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே. இப்படையெழுச்சியைத் தூண்டும் பொருளான ஐ.ஜி.ஈ. என்ற எதிருடலை, 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்த இஷிசாக்கா தம்பதியரும் சுவீடனிலிருந்த யொஹான்சன், பென்னிக் என்ற அறிஞரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

"ஒரு துண்டு தின்றால் ஒன்றும் செய்யாது" என்ற சொல்லின் பிழை இப்போது விளங்குமல்லவா? நஞ்சுக்கு அளவுண்டு, ஒவ்வாமைக்கோ கத்தியிலே ஒட்டிய துகளும் போதுமானதாகிவிடலாம்.

ஒன்ராறியோவில் ஒரு சிறுமி

நம் உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே நடந்ததை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சப்ரினா ஷனன் என்ற பதின்மூன்று வயது மாணவிக்குக் கச்சான், பால், சோயா ஆகியன ஒவ்வாதவை. அவள் கவனமுள்ள பிள்ளை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலே உருளைக்கிழங்குப் பொரியல் எந்த எண்ணெயிலே பொரித்தது என்று கேட்டறிந்த பின்னரே வாங்கி உண்டாள். எனினும் அதனை எடுத்துக் கொடுத்த இடுக்கி முன்னர் பாற்கட்டியிலே பட்டிருந்தது என்றே கருதப்பட்டது. அவளுடைய மருந்தூசியோ பெட்டகத்திலே பூட்டியிருந்தது. அதனை எடுத்து வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

அவளுடைய பெற்றோரின் முயற்சியால் 2005ஆம் ஆண்டில் அம்மாகாணச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டத்துக்குச் சப்ரினாவின் பெயரே வழங்குகிறது. ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வாமைக்கென ஒரு திட்டம் வைத்திருக்கவேண்டும். ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கவேண்டும். ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் குறிப்பேடு இருக்கவேண்டும் என்பன அதன் சாரம்.

வெள்ளவத்தைக் கத்தியும் ஒன்ராறியோ இடுக்கியும் ஒன்றே. இரண்டு பிள்ளைகளும் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள், மறுக்கவேண்டியதை மறுத்தார்கள். பெரியவர்களின் கையிலிருந்த கருவியிலேதான் பிழை இருந்தது.

தடை விதித்தால் போதுமா?

அப்படியானால் பாடசாலைக்குள் கச்சானே வரக்கூடாது என்று தடை விதித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். மேனாட்டுப் பாடசாலைகள் பல அவ்வாறே செய்தன. ஆனால் அனுபவம் வேறொன்றைக் காட்டிற்று. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துப் பாடசாலைகளிலே 2006 முதல் 2011 வரையுள்ள ஐந்து கல்வியாண்டுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. கச்சானை முற்றாகத் தடைசெய்த பாடசாலைகளிலும் அவசர ஊசி போடவேண்டிய தேவை குறைந்திருக்கவில்லை. ஆனால் கச்சான் இல்லாத தனி மேசைகளை ஒழுங்குசெய்த பாடசாலைகளிலே அத்தேவை குறைவாகக் காணப்பட்டது. 2021ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையும், முழுத் தடையைவிடப் பயிற்சி, திட்டம், கைவசம் மருந்து ஆகியவற்றையே முதன்மையாக வலியுறுத்திற்று.

தடைக் கட்டளை ஒன்று சுவரிலே தொங்கினால் எல்லாம் முடிந்துவிட்டதென்று மனம் ஓய்ந்துவிடுகிறது. மேலும், வாயிலிலே சரை விற்றுப் பிழைக்கும் ஆச்சியை விரட்டுவதால் வகுப்பறையிலே பகிரப்படும் பிறந்தநாள் இனிப்பு பத்திரமாகிவிடாது. கச்சானின் மணம் காற்றிலே வந்தவுடன் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுவோரும் உளர். 2003இல் வெளியான ஆய்வொன்றிலே, கச்சான் ஒவ்வாமை கடுமையாக உள்ள முப்பது பிள்ளைகளைக் கச்சான் விழுதை முகரச் செய்தும், அவர்களின் தோலிலே சிறிது தடவியும் மருத்துவர்கள் பார்த்தனர். தோலிலே சிவப்பும் அரிப்பும் சிலருக்கு உண்டாயினவேயன்றி, உடல் முழுவதையும் தாக்கும் ஆபத்து ஒருவருக்கும் நேரவில்லை. பெரும் ஆபத்து வாய்வழியே செல்வதிலேதான் இருக்கிறது. இதனை வீட்டிலே செய்து பார்த்தல் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கொட்டாஞ்சேனையிலே நாம் சந்தித்த ஒரு தாயின் சொல் இவ்விடத்திலே நினைவுக்கு வருகிறது. அவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு மாணவன். பிறந்தநாள் விருந்துக்குப் போகுமுன் வீட்டிலேயே அவனுக்கு வயிறார ஊட்டி அனுப்புவாராம். வாணிவிழாவிலே அவலும் கடலையும் பகிரும்போது அவன் கையை மூடிக்கொள்ளப் பழகிவிட்டானாம். "கச்சானுக்கு நான் அவ்வளவு பயப்பிடுறதில்லை, ஐயா. வேண்டாமெண்டால் கோவிக்கிற சொந்தக்காரருக்குத்தான் பயம்" என்றார் அவர். நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். வந்தவரை உண்ணச்செய்து மகிழ்வது நம் குலப்பண்பு. மறுப்பவரை வற்புறுத்துவதும் அன்பென்றே நாம் கருதிவந்திருக்கிறோம். அந்த அன்பு ஒரு கேள்வியோடு தொடங்கவேண்டும் என்பதையே இப்பிள்ளைகள் நமக்குக் கற்பிக்கிறார்கள். "ஒன்று எடு" என்பதற்கு முன், "உனக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதும் உண்டா, பிள்ளை?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும்?

விற்பனை மேசையிலே

இனிப்பு விற்பனையை நடத்துவோர் கடைப்பிடிக்கக்கூடிய எளிய முறைகள் சில உள. கச்சான் சேர்ந்த பண்டங்களுக்கெனத் தனி மேசை, தனிக் கத்தி, தனித் தட்டம், தனி ஆள். பால் ரொபியையும் தொதலையும் வீட்டிலேயே வெட்டி, ஒவ்வொன்றாகத் தாளிலே சுற்றிக் கொண்டுவருதல் இன்னும் நல்லது. ஒவ்வொரு தட்டத்தின் முன்னும் ஓர் அட்டையிலே, என்னென்ன சேர்த்துச் செய்தது என்று மும்மொழியிலும் எழுதி வைக்கலாம். கச்சானை மட்டுமன்றி எள், கஜு, பால், முட்டை, கோதுமை மா ஆகியவற்றையும் குறிப்பிடவேண்டும். எள்ளும் சிலருக்கு ஆபத்தானதே. இங்கிலாந்திலே 2016இல் பதினைந்து வயதுச் சிறுமி நட்டாஷா, ரொட்டியின் மாவிலே கலந்திருந்த எள்ளை அறியாது உண்டு உயிரிழந்தாள். அதன் பயனாக, கடையிலேயே செய்து பொதிசெய்த உணவிலும் சேர்மானங்களை முழுமையாக எழுதவேண்டுமென்ற சட்டம் 2021 ஒக்டோபரிலே அங்கு நடைமுறைக்கு வந்தது. வீட்டிலே செய்த எள்ளுருண்டைக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் அட்டை எழுத நம்மால் முடியாதா?

எண்ணெயையும் கவனித்தல் வேண்டும். நன்கு சுத்திகரித்த கச்சான் எண்ணெயிலே புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கிலே ஆட்டிய எண்ணெயிலே அது எஞ்சியிருக்கும். எனவே எந்த எண்ணெயிலே பொரித்தது என்பதும் அட்டையிலே இடம்பெறவேண்டியதே.

கையைக் கழுவுவதிலும் ஒரு நுட்பமுண்டு. கச்சானைத் தொட்ட கையை வெறுந் தண்ணீரிலே அலம்புவது போதாது. கிருமி கொல்லும் திரவத்தைப் பூசுவதும் போதாது. புரதம் கிருமியன்று, அது கொல்லப்படுவதில்லை, கழுவியே அகற்றப்படவேண்டும். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவுதலே தக்க வழியென்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது.

இனிப்பின்றியும் நிதி சேர்க்க வழியுண்டென்பதை மறத்தலாகாது. 1912ஆம் ஆண்டில் மாத்தளையிலே தொடங்கிய நம் நாட்டுச் சாரணர் இயக்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாரணர் வேலை வாரத்திலே சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று, முற்றம் கூட்டியும் வாகனம் கழுவியும் சிறு கூலி பெற்று இயக்கத்துக்கு நிதி திரட்டுகின்றனர். பூச்செடிக் கன்றுகள், வாசித்த நூல்கள், மாணவர் கையாற் செய்த வாழ்த்து மடல்கள் ஆகியவற்றையும் விற்கலாம். இவற்றை வாங்க எந்தப் பிள்ளையும் தயங்கவேண்டியதில்லை, விற்கவும் தயங்கவேண்டியதில்லை.

அவ்வேளை வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிழை நேரக்கூடும். தோலிலே தடிப்பு, உதட்டிலும் கண்ணிமையிலும் வீக்கம், தொடர் வாந்தி, குரல் மாற்றம், இருமல், மூச்சு இழுப்பு, முகம் வெளிறுதல், மயக்கம் ஆகியன உண்டபின் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றலாம். மூச்சோ நினைவோ தளர்வதாகத் தோன்றினால் காத்திருத்தல் ஆகாது.

மருத்துவர் எழுதிக்கொடுத்த அதிரினலின் ஊசி பிள்ளையிடம் இருக்குமாயின், அதனைத் தொடையின் வெளிப்புறத்திலே உடனே ஏற்றவேண்டும். அரிப்புக்கென நாம் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும். மூச்சுவிட முடியாமல் தவித்தால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடுதல் கூடாது. தண்ணீரோ தேநீரோ பருக்குதலும் தகாது. 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்திலே கட்டணமின்றி அழைக்கலாம். "கடுமையான ஒவ்வாமை, மூச்சு இழுக்கிறது" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடவேண்டும். பிள்ளை தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் அவசியம். சில மணி நேரத்தின் பின் இரண்டாம் முறையாகவும் அது தாக்குவதுண்டு.

தானே ஏற்றிக்கொள்ளும் ஊசிப் பேனா விலை உயர்ந்தது. ஆகையால் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு எதனை எவ்வாறு கைவசம் வைத்திருக்கலாம் என்பதைக் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, அதனையும் ஒரு குறிப்பையும் பாடசாலையிலே கைக்கெட்டும் இடத்திலே வைத்தல் வேண்டும். பூட்டிய அலுமாரி அதற்குரிய இடமன்று.

மழலைக்கு முதற் சுவை

கைக்குழந்தையுள்ள இளந் தாய்மாருக்கு ஒரு நற்செய்தி. முன்னாளிலே, ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடுக்காதீர் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தினர். அந்த அறிவுரை பின்னர் தலைகீழாயிற்று. இஸ்ரேலிலே குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே கச்சான் சேர்ந்த மெல்லிய பண்டமொன்றை உண்கின்றனர். அங்குள்ள யூதப் பிள்ளைகளையும் இங்கிலாந்திலுள்ள யூதப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியாயிற்று. இங்கிலாந்திலே நூற்றுக்கு 1.85 பேருக்குக் கச்சான் ஒவ்வாமை, இஸ்ரேலிலே 0.17 பேருக்கே.

இதனைத் தொடர்ந்து இலண்டனிலே பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை ஐந்து வயதுவரை கவனித்தனர். ஒரு பிரிவினர் கச்சானைத் தவிர்த்தனர்; மறு பிரிவினர் ஒழுங்காக உண்டனர். தொடக்கத்துத் தோற் பரிசோதனையிலே எதிர்வினை காட்டாத குழந்தைகளுள், தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 13.7 பேருக்கு ஒவ்வாமை உண்டாயிற்று, உண்டவர்களில் 1.9 பேருக்கு மட்டுமே. 2015இல் வெளியான இம்முடிவு உலகின் எண்ணத்தையே மாற்றிவிட்டது.

ஆனால் அவசரம் வேண்டாம். கரப்பன் கடுமையாக உள்ள குழந்தைக்கும் முட்டை ஒவ்வாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். ஏனைய குழந்தைகளுக்கும் திட உணவு தொடங்கிய பின், கச்சானை மைபோல் அரைத்துக் கஞ்சியிலோ கூழிலோ கலந்தே கொடுக்கவேண்டும். முழுக் கச்சானை ஐந்து வயதுக்கு முன் கொடுத்தால் தொண்டையிலே அடைத்துவிடும். ஏற்கெனவே ஒவ்வாமை உண்டான பிள்ளைக்கு "பழக்கிப் பார்ப்போம்" என்று வீட்டிலே முயல்வது பெருந்தவறு. அவித்த கச்சானும் வறுத்த கச்சானும் அத்தகைய பிள்ளைக்கு ஆபத்தானவையே.

மீண்டும் அதே மரநிழல்

இவ்வாண்டும் அப்பாடசாலையிலே இனிப்பு விற்பனை நடந்தது. நாமும் போயிருந்தோம். கச்சான் அல்வா இருந்தது. ஆனால் முற்றத்தின் மறுகோடியிலே தனி மேசையிலே. சவர்க்காரமும் தண்ணீர் வாளியும் அதன் அருகிலே. மற்றைத் தட்டங்களிலே இனிப்புகள் தாளிலே சுற்றப்பட்டிருந்தன. ஒவ்வொரு தட்டத்தின் முன்னும் ஓர் அட்டை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உருண்டை உருண்டையான எழுத்திலே சேர்மானங்கள் எழுதப்பட்டிருந்தன. ஊசி மருந்தும் குறிப்பும் கொண்ட சிறு பெட்டியோடு ஓர் ஆசிரியை அங்கேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

சென்ற ஆண்டு கத்தி பிடித்த அதே அம்மையார்தான் இம்முறையும் பால் ரொபி மேசையிலே நின்றார். எம்மைக் கண்டதும், "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். இல்லையென்ற பின்னரே ஒன்றை எடுத்துத் தந்தார். அட்டைகளை எழுதியது யாரென்று விசாரித்தோம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மூவரைக் காட்டினார். அவர்களுள் ஒருத்தியை நாம் உடனே அடையாளங் கண்டோம். ஐம்பது ரூபாய்த் தாளை இம்முறை அவள் மடித்துப் பிடித்திருக்கவில்லை. மேசைக்குப் பின்னே நின்று, மற்றைப் பிள்ளைகளிடம் பணம் வாங்கி எண்ணி, பெட்டியிலே போட்டுக்கொண்டிருந்தாள்.